பயன் கருதிப் பழகுவது பாவமா?

லிங்க்ட்இனில் ஒருவருக்குச் செய்தி அனுப்புவதற்கும் சோப்பு வாங்கத் தோன்றுவதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு என்றார்கள் மூன்று ஆய்வாளர்கள். 2014இல் வெளியான அவர்களது கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. மாணவர்களில் ஒரு பிரிவினர் தொழில் முன்னேற்றத்தை மனத்தில் வைத்து லிங்க்ட்இன் வழியாக ஒருவரைத் தொடர்புகொண்டார்கள். இன்னொரு பிரிவினர் ஃபேஸ்புக்கில் நட்புக்காக எழுதினார்கள். பிறகு இரு பிரிவினரிடமும் சில பொருள்களைச் சொல்லி, எவை வேண்டும் என்று கேட்டார்கள். காரியத்துக்காக எழுதியவர்களுக்குச் சோப்பும் பற்பசையும் கூடுதலாக வேண்டியிருந்தன. ஆதாயத்துக்காக ஆள் பிடிப்பது மனத்தில் அழுக்கு ஒட்டிய உணர்வைத் தருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

கதை அதோடு முடியவில்லை. அதே குழு அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து 2020இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. அதன் தரவுகள் மாற்றப்பட்டிருக்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2023இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மனத்தின் அழுக்கை அளக்கப் போன ஆராய்ச்சிக்கு வந்த கதியைப் பாருங்கள்! எண்களைச் சற்று தள்ளியே வைப்போம். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு ஆய்வுக்கூடச் சான்று தேவையில்லை. முன்பின் தெரியாத ஒரு மேலதிகாரிக்கு, ‘உங்கள் பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன் சார்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வேலை கேட்கலாமா, ஒரு வாரம் பொறுக்கலாமா என்று விரலை நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தக் கூச்சம் சரிதானா என்பதுதான் கேள்வி. பயன் கருதிப் பழகுவது அறத்துக்கு மாறானதா?

திருவள்ளுவரிடம் கேட்டால் பதில் கடுமையாகவே வரும். 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கும் அதன் போலிகளுக்கும் ஒதுக்கியவர் அவர். தனக்கு என்ன கிடைக்கும் என்று எடைபோட்டுப் பழகுகிறவரைத் தீ நட்பு அதிகாரத்தில் கள்வரோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறார். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால்தான், ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போலக் கேடு வேறில்லை என்றும் எச்சரித்திருக்கிறார். ஆராய வேண்டும், ஆனால் ஆதாயக் கணக்குப் போடக் கூடாது. தினமும் பத்து இணைப்புக் கோரிக்கைகள் வந்து விழுகிற ஒரு வியாபாரிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிகக் குறுகலானது.

அரிஸ்டாட்டில் இவ்வளவு கறார் இல்லை. நிக்கோமாக்கிய அறநூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயனுக்காக, இன்பத்துக்காக, குணத்துக்காக. முதலாவது மட்டமானது, பயன் தீர்ந்ததும் உதிர்ந்துவிடும் என்கிறார். ஆனாலும் அதை நட்பு என்ற வீட்டிலிருந்து வெளியே தள்ளவில்லை, திண்ணையில் உட்கார இடம் தருகிறார். அதைவிடக் கூர்மையான கவனிப்பு ஒன்று அடுத்து வருகிறது. புகாரும் மனஸ்தாபமும் பெரும்பாலும் பயன்நட்பில்தான் கிளம்புகின்றன என்கிறார். அதிலும் இரண்டு வகை. இன்ன பொருளுக்கு இன்ன விலை என்று பேசி முடித்த உறவு ஒன்று. நண்பனுக்குத் தருவதுபோல இலவசமாகத் தந்துவிட்டு, கொடுத்தது கடன்தான் என்று உள்ளுக்குள் குறித்துவைத்திருப்பது மற்றொன்று. சண்டை விளைவது இந்த இரண்டாவதில். பெருந்தன்மையாளர் என்ற பெயர் எல்லோருக்கும் வேண்டும், கடைசியில் எடுத்துக்கொள்வதோ ஆதாயத்தை. நோய் அங்கே இருக்கிறது.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் எழுதப்பட்டதை, திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு தொழில்முனைவோர் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர் படித்தால் சிரித்துவிடுவார். குழுவில் சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் அண்ணா, தம்பிதான். ஒருவர் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஆள் தேடுகிறார், இன்னொருவர் காசு வாங்காமல் காண்டாக்ட் தருகிறார், நன்றிக் கைகூப்புகள் வரிசையாக வருகின்றன. நாலு மாதம் கழித்து, தந்தவர் ஒரு கொட்டேஷன் அனுப்புகிறார். பதில் இல்லை. ‘எத்தனை பேருக்கு உதவி பண்ணியிருக்கேன், ஒருத்தர்கூட...’ என்று ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு நீளமாக ஒரு செய்தி வருகிறது. மறுநாள் காலையில் அவர் குழுவை விட்டு விலகிய அறிவிப்பைத் தவிர வேறு பேச்சில்லை. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒருவர் கடனாக எழுதிவைத்ததை மற்றவர் அன்பளிப்பு என்று நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகக் கணக்கையே வெளிப்படையாக்கிவிட்டவர்களும் உண்டு. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ரோட்டரியைத் தொடங்கியபோது அது சமூக சேவைக்கான அமைப்பாக இருக்கவில்லை. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் தர வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு தந்தார் என்று பதிந்துவைக்கவே தனிப் பொறுப்பாளர் இருந்தார். மறு ஆண்டு டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேரச் சொன்னபோது அவர் மறுத்தார். தங்களுக்குள் மட்டும் பரிமாறிக்கொள்ளும் சங்கத்தால் ஊருக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி. கேள்வி உறைத்தது, பொதுநலமும் நோக்கங்களில் சேர்ந்தது, கார்ட்டரும் சேர்ந்தார். அதன்பின் ரோட்டரி கையில் எடுத்த முதல் பொதுக் காரியங்களில் ஒன்று சிகாகோவில் பொதுக் கழிப்பறை. தத்துவ விவாதங்கள் இவ்வளவு உருப்படியாக முடிவது அபூர்வம்.

ரோட்டரி பின்னாளில் கைவிட்ட கணக்கு நோட்டை 1985இல் கலிஃபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ என்ற வணிகப் பரிந்துரை அமைப்பு மறுபடி எடுத்துக்கொண்டது. அங்கேயும் ஒரு தொழிலுக்கு ஒருவர், வாரம் ஒரு கூட்டம், ஆளுக்கு ஒரு நிமிடம் போல அறிமுகம். யார் எத்தனை பரிந்துரை தந்தார், அதனால் எவ்வளவு பணம் வந்தது என்று எல்லாம் பதிவாகும். 2020இல் கொரோனா வந்ததும் உலகெங்கும் அந்தக் கூட்டங்கள் ஜூமுக்குப் போயின, பழையபடி அதே எண்ணிக்கைகளோடு. கொடுப்பவனுக்கே கிடைக்கும் என்பது அமைப்பின் தாரக மந்திரம். கொடுப்பதற்கு மதிப்பெண் போட்டு, குறைந்தவருக்குச் சிவப்பு விளக்குக் காட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. ஆனால் அரிஸ்டாட்டிலின் அளவுகோலை வைத்தால், சீட்டுப் போட்டு எண்ணுகிற இந்தக் கூட்டம், எண்ணவே இல்லை என்று சொல்லிக்கொண்டு மனத்துக்குள் எண்ணுகிற அந்த ‘அண்ணா தம்பி’க் குழுவைவிட நேர்மையானது. கொடுக்கல் வாங்கல் என்று தெரிந்தே வருகிறார்கள். ஏமாற்றம் வந்தாலும், துரோகம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

முகம் பாராமல் தொழில் உறவு வளர்ப்பது இணையம் கொண்டுவந்த புதுமை என்று நினைப்பவர்கள் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதர் கோயிலுக்குப் போய்வர வேண்டும். கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளை அழிக்கக் கூடாது என்ற வழக்கத்தால், அங்கே ஓர் அறையில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் குவிந்துகிடந்தன. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். பிரார்த்தனை நூல்களுக்கு நடுவில் வியாபாரக் கடிதங்களும் இருந்தன. அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய கடிதங்கள். அவற்றில் சில மங்களூரோடு தொடர்புள்ளவை.

துனிசியாவின் மஹ்தியாவிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜு, 1132 முதல் 1149 வரையிலான காலத்தின் பெரும்பகுதியை மலபார்க் கரையில் கழித்தவர். மிளகு ஏற்றுமதி செய்தார், வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடனில் இருந்த மத்முன் என்ற பெருவணிகர் அவருக்குப் பாத்திரம் செய்யப் பழைய செம்பு அனுப்புவார், இங்கிருந்து போகிற சரக்கை அங்கே விற்றுக்கொடுப்பார். கூலி கிடையாது, கமிஷன் கிடையாது. உன் சரக்கை நான் இங்கே விற்கிறேன், என் சரக்கை நீ அங்கே விற்றுக்கொடு. இந்த ஏற்பாட்டை அவர்கள் தோழமை என்றே நடத்தினார்கள். சரக்கு விவரத்துக்குக் கீழே காகிதம், சர்க்கரை, உலர்திராட்சை என்று அன்பளிப்புகள் வரும், கூடவே இதெல்லாம் ஒன்றுமில்லை என்ற பணிவும். கணக்கும் அன்பும் ஒரே தாளில் இருந்தன. அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மோசடியும் இருந்தது. ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு தராமல் இழுத்தடித்தார் ஓர் உள்ளூர்த் தரகர். அவரைப் பற்றி ஏடனிலிருந்து வந்த யோசனை, இன்றைய குழு அட்மின் ஒருவர் சொல்வதைப் போலவே இருக்கிறது: பாக்கி வைப்பவர்களை இங்கே பகிரங்கமாகக் கண்டிப்பது வழக்கம், உன் பெயரிலும் கண்டனக் கடிதம் வரும் என்று சொல்லிப் பயமுறுத்திப் பார். கடல்தாண்டி இருக்கிற ஓர் ஊரில் பெயர் கெட்டால் மங்களூர்த் தரகருக்கு என்ன? ஆனால் அந்த ஊரில்தானே பணம் இருந்தது.

இந்தக் காகிதங்களில் வரும் வணிகர்கள் நற்பெயர் என்ற ஒற்றைக் கயிற்றிலேயே தொழில் நடத்தினார்கள் என்று பொருளியலாளர் ஆவ்னர் கிரைஃப் ஒரு கோட்பாடு எழுப்பினார். ஒருவரை ஒருவன் ஏமாற்றினால் கூட்டமே அவனை ஒதுக்கிவிடும், அந்தப் பயமே போதும் என்பது அதன் சாரம். அவ்வளவு எளிதில்லை, அவர்கள் வழக்கு மன்றங்களுக்கும் போனார்கள் என்று பின்னால் வந்த வரலாற்றாளர்கள் திருத்தினார்கள். திருத்தம் நியாயமாகவே படுகிறது. நட்பில் தொடங்கி நீதிபதியிடம் போய் நிற்பது எந்தக் காலத்துக்கும் புதிதல்ல.

இந்த இடத்தில் இஸ்லாமிய மரபில் கலீஃபா உமரைப் பற்றி வழங்கும் ஒரு சம்பவம் நினைவுக்கு வர வேண்டும். ஒருவர் சாட்சி சொல்ல வருகிறார். உன்னை எனக்குத் தெரியாது, தெரிந்த ஒருவரைக் கூட்டி வா என்கிறார் உமர். கூட வந்தவர், இவர் நல்லவர் என்று உறுதி சொல்கிறார். உமர் வரிசையாகக் கேட்கிறார். பக்கத்து வீட்டில் இருந்து இவரைப் பார்த்திருக்கிறாயா? இவரோடு பயணம் போயிருக்கிறாயா? பொற்காசு, வெள்ளிக்காசில் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறாயா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். அப்படியானால் இவரை உனக்குத் தெரியாது என்று அனுப்பிவிடுகிறார். தொழுகையில் குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாய் போல என்றும் சில வடிவங்களில் ஒரு குத்தல் உண்டு.

உமரின் பட்டியலில் காசு வருவதைக் கவனிக்க வேண்டும். காசு கலந்தால் நட்பு கெடும் என்பது நம்மிடையே பழகிப்போன எண்ணம். அவரோ, காசு கலக்காதவரை ஆளைத் தெரியாது என்கிறார். இதை ஏற்றால் கேள்வியே புரண்டுவிடுகிறது. வியாபாரத்துக்காகப் பழகுவது தவறில்லை, வியாபாரம் செய்துபார்க்காமலேயே ஒருவருக்கு நற்சான்று தருவதுதான் தவறு. 2012இல் லிங்க்ட்இன், ஒருவருக்கு இன்ன திறமை உண்டு என்று ஒரே சொடுக்கில் சான்று தரும் வசதியைக் கொண்டுவந்தது. கல்லூரியில் பார்த்ததோடு சரி என்கிற தோழர், தலைமைப் பண்பு, வரிக் கணக்கு, பேச்சுவார்த்தை என்று பாராட்டு பெறுவார். பதிலுக்கு அவரும் சொடுக்குவார். இதில் ஒருவரும் ஒரு காசுகூட இழப்பதில்லை. ஆனால் பல மதங்களும் பாவம் என்று தெளிவாகச் சொன்ன ஒன்று, தெரியாததைத் தெரிந்ததாகச் சாட்சி சொல்வது, அங்கே விளையாட்டுப்போல நடக்கிறது. கூச்சப்பட வேண்டிய இடம் இதுதான். யாரும் கூச்சப்படுவதில்லை.

புத்தர் ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன இல்லற உபதேசத்திலும் இப்படி வார்த்தையை மட்டுமே தருகிற ஓர் ஆள் வருகிறார். திக நிகாயத்தில் உள்ள அந்தச் சூத்திரம் போலி நண்பர்களை நான்காகப் பிரிக்கிறது. அதில் ஒருவர் வாய்ச்சொல் வீரர்: முன்பு செய்ததைச் சொல்வார், இனிமேல் செய்யப் போவதைச் சொல்வார், இன்றைக்குக் கேட்டால் மட்டும் ஏதோ ஒரு தடை வந்திருக்கும். எந்தத் தொழில் குழுவிலும் இப்படி நாலு பேர் உண்டு. பெரும்பாலும் அதிகமாகப் பதிவு போடுகிறவர்கள் அவர்களே.

ஆனால் ஒரு சிக்கல். உமரின் அளவுகோலைக் கறாராகப் பிடித்தால், கூடப் பிறந்தவர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய கூட்டாளி தவிர யாருக்கும் யாரும் பரிந்துரை செய்ய முடியாது. உலகம் அப்படி நடக்கவில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே எழுதினார்: வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட, அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தே இருக்கும் என்பதுதான் காரணம். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இனில் சோதித்தது. 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பக்கத்தில், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்டும் பட்டியலை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மிதமான அளவுக்குத் தளர்ந்த தொடர்புகள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. மிக நெருக்கமும் அந்த அளவுக்கு உதவவில்லை, மிகத் தளர்ந்த தொடர்பும் அந்த அளவுக்கு உதவவில்லை.

அந்த 2 கோடிப் பேரிடமும், உங்கள் மேல் ஒரு சோதனை நடத்துகிறோம் என்று தனியாகக் கேட்கவில்லை. மனிதர்களை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று 1785இல் எழுதிய இம்மானுவேல் காண்ட் இருந்திருந்தால், பயனர்கள் ஒருவரை ஒருவர் பயன்படுத்துவதைவிட இதைத்தான் முதலில் பிடித்திருப்பார்.

காண்ட்டின் வாக்கியத்தில் ‘வெறும்’ என்பதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் அவரை ஒரு துறவியாக்கிவிடுகிறார்கள். அவரது வாழ்க்கை வேறு மாதிரி. கோனிக்ஸ்பர்க்கில் அவருக்கு மிக நெருக்கமான நண்பர் ஜோசஃப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகர். மாலை நேரங்கள் பலவும் கிரீன் வீட்டில்தான் கழியும். ‘தூய அறிவின் விமர்சனம்’ உருவானபோது அதைப் பற்றி அவரோடு பேசி விவாதித்தார். தம் சேமிப்பையும் கிரீனின் வணிக நிறுவனத்தில்தான் போட்டுவைத்தார். அது நன்றாகவே வளர்ந்தது. நண்பரே பணக் காப்பாளர், தத்துவ வாசகர், மாலைத் துணை. யார் யாரைக் கருவியாகப் பயன்படுத்தினார்கள் என்று பிரித்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. கிரீன் தெரிந்தே ஒப்புக்கொண்டார், காண்ட் தெரிந்தே பணம் தந்தார்.

ஆடம் ஸ்மித் இந்தக் கலவையின் இரண்டு முகங்களையும் பார்த்தவர். அறவுணர்வுகள் பற்றிய தம் நூலின் 1790 பதிப்பில், வியாபாரக் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைத்து, பல நேரம் அப்படியே உணரவும் செய்கிறார்கள் என்று பரிவோடு எழுதினார். 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வ’த்தில் அதே மனிதர், ஒரே தொழில்காரர்கள் விருந்துக்குக் கூடினால்கூடப் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் முடியும் என்று எச்சரித்தார். இரண்டும் ஒரே அறையில் நடக்கக்கூடியவை. உள்ளே சகோதரர்கள், வெளியே நிற்பவருக்கு உயர்ந்த விலை.

இந்த இடத்தில் கேள்வி தனிமனித மனசாட்சியை விட்டு வெளியே வருகிறது. ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார் கட்டிய கோயிலில் கூடித்தான் அங்கிருந்த செட்டியார்கள் வட்டி விகிதத்தைத் தீர்மானித்தார்கள். தென்மாவட்ட நாடார்கள் மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளிகளும் கட்டினார்கள், 1921இல் தூத்துக்குடியில் வங்கியும் தொடங்கினார்கள். இன்று ‘தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி’ என்று அறியப்படுவது அதுதான். இவற்றில் பயனும் பக்தியும் உறவும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடந்தன. நம்பிக்கை மலிவாகக் கிடைத்தது, ஏனெனில் உள்ளே இருந்தவர்கள் பிறப்பால் உள்ளே இருந்தார்கள். பக்கத்து வீடு, ஒன்றாகப் பயணம், கொடுக்கல் வாங்கல் என்ற உமரின் மூன்றும் அவர்களுக்குத் தானாக அமைந்தன. அவை அமையாதவர்?

2014 கட்டுரையின் எண்களை நம்பாவிட்டாலும் அதில் ஒரு குறிப்பு பொது அறிவுக்கு ஒத்துப்போகிறது. வட அமெரிக்கச் சட்ட நிறுவனம் ஒன்றில் பார்த்தபோது, மேல்பதவியில் இருந்தவர்களுக்குத் தொழில் தொடர்பு தேடுவதில் அவ்வளவு அழுக்குணர்வு இல்லை. கீழே இருந்தவர்களுக்கு அதிகம். திருப்பித் தர எதுவும் இல்லாதவனுக்குத்தான் கேட்பது கூசும். பெரியவர்கள் கேட்டால் அது பரிமாற்றம், சிறியவர்கள் கேட்டால் ஒட்டிக்கொள்வது. ‘நெட்வொர்க்கிங் எல்லாம் எனக்குப் பிடிக்காது’ என்று சொல்லக்கூடிய சௌகரியம், தொழிலில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ உள்ளவருக்கே வாய்க்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகத் தொழில் தொடங்குகிற பெண், தெரியாத பத்துப் பேருக்கு லிங்க்ட்இனில் எழுதித்தான் ஆக வேண்டும்.

2005இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் இந்திய வர்த்தக, தொழில் சம்மேளனத்தைத் தொடங்கினார். ஏழாண்டு கழித்து வந்த மத்திய அரசின் கொள்முதல் ஆணை, அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்றது. ஆணை இருந்தால் மட்டும் போதாது. எந்த டெண்டர் எப்போது வருகிறது, எந்த வங்கிக் கிளையில் கடன் விண்ணப்பத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள், யார் சரக்கு வாங்கிவிட்டுப் பணத்தை ஆறு மாதம் இழுக்கிறார் என்பதெல்லாம் ஆணையில் எழுதப்பட்டிருக்காது. மற்ற வியாபாரிகளுக்கு இவை கல்யாண வீட்டுப் பந்தியிலேயே காதில் விழுந்துவிடும். அந்தப் பந்திகளில் இடம் இல்லாதவர்களுக்கு, பயன் கருதி மட்டுமே கூடுகிற ஒரு சங்கமும் அதன் குழுச் செய்திகளும்தான் அவற்றைச் சொல்லும்.